யாரும் வாசிக்காத தனி

காலையில் எழுந்ததும் அவன் முதலில் பார்ப்பது வலது கையின் இரண்டு விரல்களை. பழைய பிளாஸ்திரியை உரிப்பான். தோல் காய்ந்திருந்தால் அப்படியே விட்டுவிடுவான். பிளந்திருந்தால் புதிதாக ஒட்டுவான். அன்று ஒட்டினான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினான். பொங்கும் முன் அடுப்பை அணைத்தான். இரண்டு தம்ளரில் டீ. ஒன்றில் சர்க்கரை கிடையாது. குப்பைக் கூடையை வெளியே வைத்தான். ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். செடி பட்டுப்போய் வெகுநாளாகிவிட்டது. நேற்றும் ஊற்றியிருந்ததால் இன்றும் ஊற்றினான்.

சர்க்கரை இல்லாத டீ அத்தைக்கு. அத்தை என்றால் அவன் மாமியார். மகள் இறந்துபோன பிறகு அவள் துணிமணிகளை ஒழுங்குபடுத்திவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். தினமும் பீரோவைத் திறப்பார். ஒரு சட்டையை எடுப்பார், உதறுவார், அதே மடிப்பில் மடித்து அதே இடத்தில் வைப்பார். பீரோவை மூடுவார். வேலை முடிந்தபாடில்லை. அவரைப் போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போகிறேன் என்று சொல்ல அவருக்கும் வரவில்லை.

டீயைக் கொண்டுபோனபோது அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். தம்ளரை வைத்துவிட்டு நகர்வதற்குள் அங்கேயே வந்து முடிந்தது.

"ஆமாம்மா. கடைசியா அதத்தான் சொல்லிட்டுப் போனா. 'நிறுத்தாம வாசிங்க'ன்னு. மாப்பிள்ளை பக்கத்துலதான் இருந்தார். வேணும்னா அவரையே கேளு."

யாரும் அவனைக் கேட்டதில்லை. பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். அந்தச் சத்தத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பது அவன் வழக்கம். "அண்ணே, நான் இதோட நின்னுக்கறேன்." வலிக்கிற பல்லை நாக்கு தேடிப் போவதுபோல தினமும் அந்த வாக்கியத்தைத் தேடிப் போனான். வெளியே வந்ததும் அது தொண்டைக்குக் கீழே இறங்கிவிடும். இன்று விடப்போவதில்லை. இன்று ஒலிப்பதிவு. பதிந்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது.

"மாப்பிள்ளை, நானும் வரேன்" என்றார் அத்தை, அவன் ஷூவுக்குள் காலை விடும்போது.

"எங்க?"

"ரெக்கார்டிங்குக்கு. கப்பல் தம்பி போன் பண்ணுச்சு. நான் கட்டாயம் இருக்கணுமாம்."

அவன் வாத்தியம் பேஸ், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின்போல. வண்டியில் அதைப் படுக்கவைத்தால் கழுத்து முன்சீட்டு வரை நீளும். அத்தை அதற்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"இது ஏன் என் தோள்மேலயே சாஞ்சுக்கிட்டு வருது?"

"பிரேக் போட்டா சாயும் அத்தை. பிடிச்சுக்கோங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தான் வரேன், கைக்குழந்தை மாதிரி. இத்தாம் பெரிசை மனுஷன் வாசிப்பானா? ஒரு புல்லாங்குழல் கத்துக்கிட்டிருந்தா பாக்கெட்டுல போட்டுட்டுப் போயிருக்கலாம்."

"அவளும் அதான் சொல்வா."

அத்தை பேஸின் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கப்பல் தம்பி என்று அத்தை சொன்னது குழுவின் தலைவரை. பியானோக்காரர். வயதில் அவனுக்கு அண்ணன், அத்தைக்குத் தம்பி, மற்ற எல்லோருக்கும் கப்பல். உல்லாசக் கப்பல்களில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தே இளமையைக் கழித்தவர். கரீபியன் தீவுகளில் கப்பல் ஒதுங்கும்போது மற்றவர்கள் கடைகண்ணிக்குப் போவார்கள். இவர் வாத்தியக்காரர்களைத் தேடிப் போவார். கலிப்சோவின் துள்ளல், ரெக்கேயின் தள்ளி விழும் அடி, மேற்கு ஆப்பிரிக்கத் தாளம், அரபுச் சுரவரிசை என்று போன இடத்தில் எல்லாம் மூட்டை கட்டினார். கரைக்கு வந்து அந்த மூட்டைகளை ஜாஸுக்குள் அவிழ்த்துப் போட்டார். இது எந்த ஊர் இசை என்று யாராவது கேட்டால், "எல்லா ஊர்லயும் கொஞ்ச நேரம் நின்ன கப்பல் இது" என்பார்.

அவன் மனைவி அந்தக் குழுவில் ஸ்டீல் பேன் வாசித்தாள். எண்ணெய்ப் பீப்பாயின் அடியை வெட்டி, சுத்தியால் அடித்துக் குழியாக்கி, குழிக்குள் சின்னச் சின்ன மேடுகளாகச் சுரங்களைத் தட்டி எடுத்த வாத்தியம். ரப்பர் சுற்றிய குச்சிகளால் தட்டினால் தண்ணீருக்குள் மணி அடித்ததுபோல் இருக்கும். குழுவில் அதைச் சட்டி என்பார்கள். அத்தையும் சட்டி என்றுதான் சொல்வார், தொனிதான் வேறு.

"எம்.எஸ்ஸி. படிக்க வச்சேன். சட்டி தட்டறா."

"அடுப்புல வைக்காத சட்டிம்மா. சந்தோஷப்படு" என்பாள் அவள்.

அந்தக் குழுவில் வாசிக்கும்போது வாயால் யாரும் எதுவும் சொல்வதில்லை. எல்லோருக்கும் இரண்டு கையிலும் வேலை. சொல்ல வேண்டியதைத் தலையால் சொல்வார்கள். தலை நிமிர்ந்திருந்தால் இன்னொரு சுற்று. குனிந்தால் சரி, அடுத்த பகுதிக்குப் போகலாம். யார் தனியாக வாசிக்கிறார்களோ அவர்கள் தலைதான் கணக்கு. அந்தத் தலை குனியாமல் கீழே இருந்து அடிவரியைத் தாங்குபவன் நகரக் கூடாது. கீழே இருப்பவன் எப்போதும் பேஸ்காரன்.

அவள் ஒரு மெட்டு செய்திருந்தாள். கலிப்சோவைப் பிடித்து ஏழு அட்சரத்துக்குள் அடைத்த மெட்டு. தகிட தகதிமி என்று உடம்பு ஒரு பக்கம் இழுக்கும், துள்ளல் இன்னொரு பக்கம் இழுக்கும். நடுவில் ஒரு திறந்த இடம். அதற்குச் சுத்து என்று பெயர். பேஸ் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அதன்மேல் அவள் இஷ்டத்துக்கு அலைவாள். முடிப்பதுபோல் வருவாள். அவன் அவள் தலையையே பார்ப்பான். குனியப் போவாள். குனியாமல் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரிப்பாள். இன்னொரு சுற்று. அவன் பல்லைக் கடிப்பான். டிரம்ஸ்காரன் அவனுக்குச் செக்குமாடு என்று பெயர் வைத்தது அதனால்தான். பிறகு அது சுருங்கிச் செக்கு ஆனது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரல் வரை போய்விட்டது என்றார்கள். பிறகு தேறிவிட்டது என்றார்கள். மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் தூங்கினாள். எழுந்திருக்கவில்லை.

கப்பல் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிவந்தது அவனுக்கு நினைவிருக்கிறது. மூச்சு வாங்கியபடி அவன் இரண்டு தோளையும் பிடித்தார்.

"ஏதாவது சொன்னாளா?"

"ம்."

"என்ன சொன்னா?"

அவன் மூடியிருந்த வார்டுக் கதவைப் பார்த்தான்.

"வாசிக்கறத நிறுத்த வேணாம்னு சொன்னாளா?"

கழுத்தில் இருந்து யாரோ ஆணியைப் பிடுங்கியதுபோல் இருந்தது. தலை தொங்கியது. வேறு யாராக இருந்தாலும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் தலை தொங்குகிறது என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். கப்பல் ஆயுசெல்லாம் தலைகளைப் படித்தவர். குனிந்தால் சரி. அவர் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அழுதுவிட்டு நேராக அத்தையிடம் போனார்.

மகள் போன நேரத்தில் அத்தை கீழே மருந்துக் கடையில் நின்றிருந்தார். "நான் இல்லாமப் போயிட்டேனே, நான் இல்லாமப் போயிட்டேனே" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தவர், கப்பல் சொன்ன இரண்டு சொல்லைக் கேட்டதும் மோதுவதை நிறுத்தினார். அவன் வராந்தாவின் மறுகோடியில் நின்று அதைப் பார்த்தான். அதைப் போய்ப் பிடுங்க யாருக்கு மனசு வரும்?

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அடுத்த கச்சேரியில் கப்பல் மைக்கில் சொன்னார். சபை உருகியது. மெட்டுக்கே 'நிறுத்தாதீங்க' என்று பெயர் மாறியது. சட்டியை அதன் தாங்கியில் மாட்டி மேடை நடுவில் வைத்தார்கள், குறுக்காக இரண்டு குச்சி, மேலே ஒரு விளக்கு. சுத்து வந்ததும் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். பேஸ் மட்டும் போகும். அவள் தனி வாசிக்கிற இடம் அது. யாரும் வாசிக்கமாட்டார்கள். ஜனங்கள் அந்தக் காலிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைப்பார்கள்.

சட்டிக்குத் தலை கிடையாது. குனிய ஆள் இல்லை. கப்பலுக்கு எப்போது மனசு நிறைகிறதோ அப்போது அவர் குனிவார். அவர் மனசு நிறைவதற்குக் கச்சேரிக்குக் கச்சேரி நேரம் கூடிக்கொண்டே போனது. கைதட்டலும் கூடியது. அவன் அதே வரியை வாசித்தான். விரல் கொப்பளித்தது, உடைந்தது, காய்த்தது, மறுபடி பிளந்தது. ஆரம்பத்தில் அந்த நேரத்தில் அவளை நினைத்தான். பிறகு விரலை நினைத்தான். பிறகு எதையும் நினைக்கவில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு கச்சேரியில் யோசித்துப் பார்த்தான், காலிச் சட்டிதான் வந்தது. அன்றைக்குத்தான் குளியலறையில் அந்த வாக்கியத்தை முதன்முதலாகச் சொன்னான்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. படி இறங்க இறங்கத் தெருவின் சத்தம் அறுந்துபோகும். டிரம்ஸ்காரன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"செக்கு, தண்ணி பாட்டில் உன் ரூம்ல வச்சிருக்கேன். பாத்ரூமுக்கு இப்பவே போயிட்டு வந்துடு. கப்பல் நங்கூரம் போட்டுட்டா எடுக்கமாட்டாரு."

பிறகுதான் அத்தையைக் கவனித்தான். "வணக்கம்மா" என்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான்.

கப்பல் பியானோவில் ஒரு கையால் எதையோ தட்டிக்கொண்டு மறுகையால் வடை அளவு பிஸ்கட் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்ததும் எழுந்து வந்து, கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு செய்யும் பெண்ணுக்குப் பக்கத்தில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்தார். திரும்பி வரும்போது அவன் வழிமறித்தான்.

"அண்ணே, ஒரு விஷயம்."

"சொல்லு."

"நான் இதோட நின்னுக்கறேன்."

கப்பல் பிஸ்கட்டை விழுங்கினார். "எதோட?"

"இதோட. குழுவோட. வாசிக்கறதோட."

"அடுத்த மாசம் பயணம் ஆரம்பிக்குது. எத்தனை மேடை இருக்குன்னு தெரியுமா உனக்கு? நீ இல்லாம சுத்து ஏதுடா?"

"வேற ஆளப் பாருங்கண்ணே. எத்தனையோ பேர் நல்லா வாசிக்கறாங்க. ஒரே வரிதானே."

"வாசிப்பான். வேற ஆளு அவ புருஷனா?"

கப்பல் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. அவர் கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே. அவன் பிடரியைப் பிடித்துத் தன் நெற்றியை அவன் நெற்றியில் வைத்தார்.

"அவ என்ன சொல்லிட்டுப் போனா?"

அவன் பார்வை கண்ணாடிக்கு அப்பால் அத்தையிடம் போனது.

"அதான். போ, சுருதி சேத்துக்க. இன்னொண்ணு. ஆரம்பத்துல அந்த வார்த்தைய நீ சொல்ற. உன் குரல்ல. மியூசிக் இல்லாம, வெறுமன. அதுக்கப்புறம் பேஸ். அம்மா கேக்கணும்னுதான் வரச் சொன்னேன்."

பேஸுக்கென்று ஒரு தனி அறை இருந்தது. அறை என்று மரியாதைக்குச் சொல்லலாம். நிற்கலாம், பாதி திரும்பலாம். சுவர் முழுக்கப் பஞ்சு. பேசினால் குரல் உதட்டைத் தாண்டாமல் அங்கேயே விழுந்துவிடும். கதவு ஒரு சாண் கனம். சாத்தும்போது காதுக்குள் காற்று அடைத்தது. எதிரே கையகலக் கண்ணாடி. அதன் வழியாகக் கப்பல் தெரிந்தார், டிரம்ஸ்காரன் தெரிந்தான், நடுவில் தாங்கியில் சட்டி தெரிந்தது. ஒலிப்பதிவுக்குக்கூட அதை வைத்திருந்தார்கள். விளக்கும் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் இன்னொரு கண்ணாடி. அதற்குள் அத்தை.

ஹெட்போனில் கப்பலின் குரல் வந்தது. "ஓடுது. நீ சொல்லு."

மைக் அவன் வாய்க்கு முன்னால் நின்றது. அவன் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்துக்குப் போனது. அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"நிதானமாச் சொல்லு. அவசரமில்ல."

மறுபடி திறந்தான். பஞ்சுச் சுவர் அவன் மூச்சைக் குடித்தது.

"சரி விடு. அத கடைசில எடுத்துக்கலாம். நேரா சுத்துலருந்து போவோம். நீளமா வாசி, அப்புறம் வெட்டிக்கலாம்."

ஆரம்பித்தான். தகிட தகதிமி. கை தானாகப் போனது. கையை விட்டுவிட்டு அவன் தனியாக வேறொரு இடத்தில் நிற்பதுபோல் இருந்தது, அந்த இடமும் இதே அளவுதான். கப்பல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகம் நிமிர்ந்திருந்தது, மழையில் நனைபவர் முகம்போல. டிரம்ஸ்காரன் கம்பிக் குச்சியால் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தான். வரி முடிந்தது, முதலுக்கு வந்தது. முடிந்தது, வந்தது. பிளாஸ்திரி ஈரமாகி நழுவத் தொடங்கியது. அவன் கப்பலின் தலையைப் பார்த்தான். குனியவில்லை. இன்னும் பார்த்தான். இனி அடுத்த மாதமும் இந்தத் தலையைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த மாதமும். ஊர் ஊராக. பதிந்ததைக் கேட்டுவிட்டு வருபவர்கள் இதைவிட நீளமாகக் கேட்பார்கள்.

பார்வையைத் தள்ளி அத்தையைப் பார்த்தான்.

அவர் அழவில்லை. சபையில் அழுபவர்களை அவனுக்குத் தெரியும், எந்த இடத்தில் கைக்குட்டை வெளியே வரும் என்றுகூடத் தெரியும். அத்தை மடியில் கையை வைத்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். சட்டியைப் பார்க்கவில்லை. அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுளித்தது. தன் விரலே பிளந்ததுபோல ஒரு சுளிப்பு.

அவன் கையை எடுத்துவிட்டான்.

யார் தலையும் குனியவில்லை. அந்தக் குழுவில் அப்படி நடந்ததே இல்லை. இருட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று காலை வைத்தவன்போல டிரம்ஸ்காரன் கொஞ்ச தூரம் தடுமாறிப் போய் நின்றான். கப்பல் கண்ணைத் திறந்தார்.

"என்னாச்சு? கம்பி அறுந்துடுச்சா?"

"இல்ல."

"விரலா?"

"இல்லண்ணே."

"பின்ன ஏன் நிறுத்தின?"

அவன் ஹெட்போனைக் கழற்றினான். கண்ணாடிக்கு அப்பால் கப்பலின் வாய் அசைந்தது. கை அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை. இங்கிருந்து வெளியே போக வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினால் அத்தையைத் தாண்ட வேண்டும். அவன் பேஸின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கதவு திறந்தது. கப்பல் என்று நினைத்தான். அத்தை. கனமான கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு பேருக்கு இடமில்லை. அவன் பேஸை மார்போடு இழுத்துக்கொண்டான். அவர் கதவைச் சாத்தினார்.

"இந்த மைக்கு வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அணைங்க."

அணைக்கும் பொத்தான் அங்கே இல்லை. அவன் வயரைப் பிடுங்கினான்.

அத்தை அவன் கையைப் பிடித்துத் திருப்பி, தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்திரியைப் பட்டென்று உரித்தார். விரலைத் தன் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவ அதச் சொல்லல, இல்ல?"

அவன் கழுத்தை அசையாமல் வைத்துக்கொண்டான். வாயால் சொன்னான்.

"சொல்லல அத்தை."

பஞ்சுச் சுவர்களுக்கு நடுவில் அந்தச் சொல் எங்கேயும் போகவில்லை. அவர் தலையில் விழுமோ என்று பயந்தான். அவர் கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? சாகறப்ப வசனம் பேசற பொண்ணா அவ? கல்யாணத்தன்னிக்கு போட்டோ எடுக்கறப்ப, 'செருப்பு கடிக்குது, சீக்கிரம் எடுத்துத் தொலைங்க'ன்னவ."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும்..."

"நீங்கதான் சொன்னதா கப்பல் தம்பி சொல்லுச்சு. சரி, இவருக்கு அது ஒரு பிடிமானம்போல, நாம ஏன் கெடுப்பானேன்னு இருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே வாய்ல தங்கிடுச்சு. காலைல அந்தப் பொண்ணுகிட்ட போன்ல சொல்றேன், எனக்கே என் குரல் பிடிக்கல."

"நான் உங்களுக்காகத்தான் அத்தை..."

"தெரியுது. இப்பத் தெரியுது."

வெளியே கப்பல் கண்ணாடிக்கு அருகில் வந்து, கையை நெற்றிக்குக் குடைபிடித்து உள்ளே பார்த்தார். அத்தை அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"வேற எனக்கு ஒண்ணும் வேணாம் மாப்பிள்ளை. நான் கீழ மருந்துக்கு நின்ன நேரத்துல என் பொண்ணு என்ன பேசினா? அதச் சொல்லுங்க. என்னைத் தேடலன்னாலும் பரவால்ல."

"பெரிசா ஒண்ணும் இல்ல. சாதாரணமா ஏதோ..."

"சாதாரணமாத்தான் வேணும் எனக்கு."

அவன் சுவரில் சாய்ந்தான். பேஸும் அவனோடு சாய்ந்தது. அத்தை பழக்கமாக ஒரு கையால் அதன் கழுத்தைத் தாங்கிக்கொண்டார்.

"நீங்க சீட்ட எடுத்துட்டுக் கீழ போனீங்க. அவ கண்ண மூடிக்கிட்டிருந்தா. தூங்கிட்டான்னு நெனச்சேன். நான் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். மனசுக்குள்ள இந்த வரிதான் ஓடிட்டிருந்துச்சு போல. எனக்கே தெரியாம கால் அந்தத் தாளத்துக்கு ஆடுது, முட்டி போய் கட்டில்ல இடிக்குது. தட்டு, தட்டு, தட்டுன்னு. அவ கண்ணத் திறக்கல. அப்படியே சொன்னா."

"என்னன்னு?"

"'கால ஆட்டாதடா, கட்டில் ஆடுது.'"